காத்திருப்பை அளந்த கதை

இணையப் பக்கம் ஒன்று மெதுவாக இருக்கிறது என்று சொல்வது சுலபம். எவ்வளவு மெதுவாக, யாருக்கு மெதுவாக, எங்கிருந்து எதுவரை அளந்து சொல்கிறீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கணினித் துறை ஐம்பது வருடங்களுக்கு மேலாக அலைந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

கணினி படிக்காத நண்பர்கள் பயப்பட வேண்டாம். நானும் காமர்ஸ்தான் :) சொல்லப்போனால் இது ஒரு கணக்குப் புத்தகத்தின் கதை. புத்தகத்தில் எழுதியதை மட்டும்தான் முதலாளி பார்ப்பார், பார்ப்பதை மட்டும்தான் சரி செய்வார். எழுதாமல் விட்டது நஷ்டமாகவே இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இணைய வேகத்திலும் அதுதான் நடந்தது.

இணையம் வருவதற்கு முன்பே

1968ல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மில்லர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனிதன் கணினியிடம் ஒன்று கேட்டால் எவ்வளவு நேரத்தில் பதில் வர வேண்டும் என்பதுதான் விஷயம். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சில விநாடிகள் பதில் சொல்லாமல் இருந்தால் பேச்சே அறுந்துவிடுகிறது இல்லையா? கணினியோடும் அப்படித்தான் என்றார் மில்லர். விசையை அழுத்தினால் நொடிக்குள் ஏதாவது தெரிய வேண்டும், சாதாரணக் கேள்விக்கு 2 விநாடிக்குள் பதில் வர வேண்டும். அதற்கு மேல் போனால் மனதில் பிடித்து வைத்திருந்த விஷயம் நழுவ ஆரம்பித்துவிடும்.

பின்னால் 1993ல் ஜேக்கப் நீல்சன் தன் புத்தகத்தில் இதை மூன்று எண்களாகச் சுருக்கிக் கொடுத்தார். 0.1 விநாடி என்றால் உடனே நடந்தது போல இருக்கும். 1 விநாடி என்றால் தாமதம் தெரியும், ஆனால் யோசனை அறுபடாது. 10 விநாடிக்கு மேல் போனால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். இன்றைக்கும் இந்த மூன்று எண்களும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1982ல் ஐபிஎம்மின் வால்டர் டோஹர்ட்டியும் தடானியும் எழுதிய அறிக்கை. அதுவரை இருந்த நம்பிக்கை என்னவென்றால், கணினி 2 விநாடி எடுத்துக்கொண்டால் பரவாயில்லை, அந்த நேரத்தில் மனிதன் அடுத்த வேலையை யோசித்துக்கொண்டிருப்பான் என்பது. இவர்கள் அளந்து பார்த்தார்கள். பதில் வர 3 விநாடி ஆனால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 180 வேலைகள் முடிக்கிறார். 0.3 விநாடியில் பதில் வந்தால் 371.

இதை நாமே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் ஆள் 180 தடவை 3 விநாடி காத்திருந்தார், மொத்தம் 9 நிமிடம். மீதி 51 நிமிடம் அவருடைய சொந்த நேரம். அதை 180ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 17 விநாடி. இரண்டாவது ஆள் காத்திருந்தது மொத்தமே 2 நிமிடத்துக்குள். மீதி நேரத்தை 371ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 9.4 விநாடி. அதாவது கணினி மிச்சப்படுத்தியது வேலைக்கு 2.7 விநாடிதான். ஆனால் மனிதன் மிச்சப்படுத்தியது அதற்கு மேல் 7 விநாடிக்கும் அதிகம். காத்திருக்கும் நேரத்தில் அவன் யோசிக்கவில்லை, யோசித்ததை மறந்துகொண்டிருந்தான்! காத்திருப்பின் விலை காத்திருந்த நேரம் மட்டும் அல்ல என்பது அன்றைக்கே கணக்கில் வந்துவிட்டது.

உலகளாவிய காத்திருப்பு

1990களில் இணையம் பொதுமக்களிடம் வந்தபோது இந்தப் பாடமெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. 'வேர்ல்ட் வைட் வெப்' என்பதை 'வேர்ல்ட் வைட் வெயிட்' என்று கிண்டல் செய்த காலம். தொலைபேசிக் கம்பி வழியாக 28.8 கிலோபிட் மோடம். முழு வேகத்தில் ஓடினாலும் விநாடிக்கு 3.6 கிலோபைட். 100 கிலோபைட் பக்கம் ஒன்று வந்து சேர 28 விநாடி ஆகும். நீல்சனின் 10 விநாடி எங்கே, இது எங்கே!

1999ல் ஸோனா ரிசர்ச் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் மெதுவான பக்கங்களால் கடைக்காரர்கள் இழக்கும் வியாபாரத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. '8 விநாடி விதி' என்று பேர் வாங்கியது அதனால்தான். 8 விநாடிக்குள் பக்கம் வராவிட்டால் வாடிக்கையாளர் கிளம்பிவிடுவார் என்பது விதி.

பிரச்சினையின் ஒரு பகுதி தூரம். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். நேர்க்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும் ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 135 மில்லி விநாடி ஆகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு இப்படிப் பல தடவை போய் வர வேண்டும் என்பதுதான் வேதனை.

ஒளியை வேகப்படுத்த முடியாது, ஆனால் சரக்கைப் பக்கத்தில் கொண்டு வந்து வைக்கலாம் இல்லையா? வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1995ல் எம்ஐடியில் நெரிசல் பிரச்சினையைச் சக ஆராய்ச்சியாளர்களிடம் சவாலாக வைத்தார். கணிதப் பேராசிரியர் டாம் லைட்டனும் அவருடைய மாணவர் டேனி லூயினும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரே கோப்பின் நகல்களைப் பல ஊர் சர்வர்களில் பிரித்து வைக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. 1998ல் அகமாய் என்ற நிறுவனமும் பிறந்தது. மொத்த வியாபாரி ஊருக்கு ஊர் குடோன் வைப்பது போலத்தான். லூயின் 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31.

எல்லோரும் சர்வரையே பார்த்த காலம்

அந்தக் காலத்தில் வேகம் என்றால் பொறியாளர்களுக்கு ஒரே அர்த்தம்தான். சர்வர் ஒரு விநாடியில் எத்தனை கோரிக்கைகளுக்குப் பதில் சொல்கிறது? 1999ல் டேன் கெகல் என்பவர் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் 10,000 பேரைத் தாங்க முடியாதா? இதற்கு 'சி10கே பிரச்சினை' என்று பெயர். இதைத் தீர்க்கக் கிளம்பியவர்களில் ஒருவர் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ். அவர் 2004ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இன்று வரை உலகத்தில் அதிகம் ஓடும் வெப் சர்வர்களில் ஒன்று. 2003ல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் மெம்கேஷ்டு எழுதினார். ஒரே கேள்வியைத் தரவுத்தளத்திடம் திரும்பத் திரும்பக் கேட்காமல், பதிலை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் யுக்தி.

இதெல்லாம் பெரிய சாதனைகள்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அளவுகோல் சர்வர் இருக்கும் அறைக்குள்ளேயே இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர் கணக்கிலேயே வரவில்லை.

கம்பியின் மறுமுனை

2000களின் நடுவில் யாகூவில் வேலை பார்த்த ஸ்டீவ் சவுடர்ஸ் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்குப் போனார். பயனர் கிளிக் செய்ததிலிருந்து பக்கம் முழுதாக வரும் வரை எந்தெந்த விநாடி எங்கே போகிறது என்று அளந்தார். வந்த விடை பலருக்கும் அதிர்ச்சி. சர்வர் பக்கத்தைத் தயார் செய்து முதல் எச்டிஎம்எல் கோப்பை அனுப்புவது மொத்த நேரத்தில் 10 முதல் 20 சதவீதம்தான். மீதி 80 முதல் 90 சதவீதம் அதற்குப் பிறகு நடப்பது. படங்கள், ஸ்டைல் கோப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாக பிரவுசர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும் நேரம்.

ஏன் இவ்வளவு நேரம்? 1999ல் வந்த எச்டிடிபி 1.1 விதிமுறைப்படி ஒரு சர்வரோடு பிரவுசர் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதை அப்படியே பின்பற்றியது. பக்கத்தில் 40 படம் இருந்தால் 40 பேர் வரிசையில் நிற்க, திறந்திருப்பது இரண்டே கவுண்டர்! உள்ளே இருக்கும் குமாஸ்தாவை எவ்வளவு வேகமாக வேலை செய்யச் சொன்னாலும் வரிசை நகருமா?

சவுடர்ஸ் 2007ல் புத்தகம் போட்டார். மொத்தம் 14 விதிகள். கோப்புகளின் எண்ணிக்கையைக் குறை, சுருக்கி அனுப்பு, ஸ்டைல் கோப்பை மேலே வை, ஜாவாஸ்கிரிப்டைக் கீழே வை, ஒருமுறை வாங்கியதை பிரவுசரே வைத்துக்கொள்ளும்படி சொல், இப்படி. எதற்கும் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. அதே வருடம் யாகூ 'ஒய்ஸ்லோ' என்ற கருவியை வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் போட்டுக்கொண்டால் எந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கொடுக்கும். 2008ல் பேட்ரிக் மீனன் ஏஓஎல்லில் உருவாக்கிய வெப்பேஜ்டெஸ்ட் பொதுவுக்கு வந்தது. வேறு ஊரிலிருந்து, வேறு இணைப்பில் உங்கள் தளம் எப்படித் திறக்கிறது என்று பார்க்க முடிந்தது.

பணம் பேசியது

பொறியாளர்கள் சொன்னதை நிர்வாகம் கேட்டதற்குக் காரணம் பணம். 2006ல் கூகுளின் மரிஸா மேயர் ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். ஒரு பக்கத்தில் எத்தனை முடிவுகள் வேண்டும் என்று பயனர்களைக் கேட்டார்கள், நிறைய வேண்டும் என்றார்கள். சரியென்று 10க்கு பதில் 30 கொடுத்தார்கள். அந்தக் குழுவில் தேடல் 20 சதவீதம் குறைந்துவிட்டது. 10 முடிவுப் பக்கம் 0.4 விநாடியில் வந்தது, 30 முடிவுப் பக்கத்துக்கு 0.9 விநாடி ஆனது. வாய் ஒன்று கேட்டது, கை வேறு சொன்னது. அதே வருடம் அமேசானின் முன்னாள் ஊழியர் கிரெக் லிண்டன், அங்கே 100 மில்லி விநாடி தாமதத்துக்கு விற்பனை 1 சதவீதம் குறைந்ததாகக் குறிப்பிட்டார்.

2009ல் போட்டியாளர்களான பிங்கும் கூகுளும் ஒரே மேடையில் வந்து தங்கள் கணக்கைக் காட்டின. இரண்டுமே வேண்டுமென்றே சில பயனர்களுக்குத் தாமதம் சேர்த்துப் பார்த்திருந்தன. பிங்கில் 2 விநாடி தாமதம் ஒரு பயனரிடமிருந்து வரும் வருமானத்தை 4.3 சதவீதம் குறைத்தது. கூகுளில் 100 முதல் 400 மில்லி விநாடி வரை தாமதித்ததில் தேடல்கள் 0.2 முதல் 0.6 சதவீதம் வரை குறைந்தன. தாமதத்தை எடுத்த பிறகும் அந்தப் பயனர்கள் உடனே பழைய அளவுக்குத் தேட ஆரம்பிக்கவில்லை. நல்ல பெயர் ஒருமுறை போனால் திரும்ப வர நாளாகும் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சராசரி சொன்ன பொய்

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம்.

யூடியூபில் கிறிஸ் ஸக்கரையாஸ் என்ற பொறியாளர் இருந்தார். வீடியோ பார்க்கும் பக்கம் அப்போது 1.2 மெகாபைட் கனம். அதை 100 கிலோபைட்டுக்குள் கொண்டு வர முடியுமா என்று இறங்கினார். வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டி 98 கிலோபைட், 14 கோரிக்கைகள் என்ற அளவுக்குக் கொண்டு வந்தார். 'ஃபெதர்' என்று பெயர், இறகு. ஒரு பகுதிப் பயனர்களுக்குத் திறந்துவிட்டு ஒரு வாரம் கழித்து எண்களைப் பார்த்தார்.

சராசரி நேரம் குறையவில்லை. கூடியிருந்தது!

பக்கம் பன்னிரண்டில் ஒரு பங்கானது, நேரம் எப்படிக் கூடும்? வெறுத்துப்போகும் நிலையில் இருந்தபோது சக ஊழியர் ஒருவர் கண்டுபிடித்தார், ஊர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது என்று. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து வருகை தாறுமாறாக ஏறியிருந்தது. அங்கே ஃபெதரில் வீடியோவின் முதல் காட்சி வரவே சராசரியாக 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. நமக்கு அது அநியாயம். ஆனால் பழைய பக்கமாக இருந்தால் அவர்களுக்கு 20 நிமிடம் ஆகியிருக்கும். அதனால் அவர்கள் முன்பு யூடியூப் பக்கமே வரவில்லை. இப்போது 2 நிமிடம் பொறுத்தால் பார்க்கலாம் என்றதும் வந்தார்கள். அவர்கள் வந்ததால்தான் சராசரி கெட்டுப்போனது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பழைய சராசரி அழகாக இருந்ததற்குக் காரணம் தளம் வேகமாக இருந்தது அல்ல, மெதுவான இணைப்பு உள்ளவர்கள் அதில் இல்லாததுதான். அந்தச் சராசரியை நம்பி 'ஃபெதர் தோல்வி' என்று மூடியிருந்தால், வந்தவர்களை மறுபடியும் வெளியே தள்ளி எண்ணை அழகாக்கியிருப்பார்கள். விற்பனைப் புத்தகத்தில் வாங்கியவருக்குத்தான் வரி உண்டு, வாசல் வரை வந்து திரும்பிப் போனவருக்குக் கிடையாது. ஸக்கரையாஸ் 2012ல் இதை எழுதினார்.

இதே வியாதி சோதனைக் கருவிகளிலும் இருக்கிறது. அஸுல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கில் டெனே பல வருடங்களாகச் சொல்லி வரும் உதாரணம் இது. ஒரு சர்வர் 100 விநாடிக்கு ஒழுங்காக, ஒவ்வொரு கேள்விக்கும் 1 மில்லி விநாடியில் பதில் சொல்கிறது. அடுத்த 100 விநாடி அப்படியே உறைந்து நிற்கிறது. விநாடிக்கு 100 கேள்வி என்றால் முதல் பாதியில் 10,000 பதிவுகள். இரண்டாம் பாதியில்? சோதனைக் கருவி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக அதுவும் உறைந்து நிற்கும். ஒரே ஒரு பதிவு. சராசரி எடுத்தால் 11 மில்லி விநாடி, பிரமாதம்! நிஜத்தில் அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய 10,000 பேரையும் சேர்த்தால் சராசரி 25 விநாடி. மோசமான நேரத்தில் கருவி எண்ணுவதையே நிறுத்திவிட்டது.

2013ல் கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் வேறொரு கோணத்தில் இதைச் சொன்னார்கள். நூற்றில் ஒரு தடவைதான் ஒரு சர்வர் 1 விநாடிக்கு மேல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 சதவீதம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தைத் தயாரிக்க அப்படி 100 சர்வர்களைக் கேட்க வேண்டியிருந்தால், எல்லாமே வேகமாகப் பதில் சொல்வதற்கு வாய்ப்பு 37 சதவீதம்தான். 100 பேரில் 63 பேர் ஏதாவது ஒரு சோம்பேறி சர்வரிடம் மாட்டிக்கொள்வார்கள். வரிசையின் வாலை வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் வாலே உடம்பாகிவிடும்.

அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கிறது

இதற்குப் பிறகு அளவுகோல்கள் மெல்ல மெல்ல மனிதரின் பக்கம் நகர்ந்தன. ட்விட்டர் 2010ல் பக்கத்தை பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்டால் கட்டும் முறைக்குப் போயிருந்தது. 2012ல் அவர்கள் 'முதல் ட்வீட் கண்ணில் படும் நேரம்' என்று ஒரு அளவை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பக்கம் கட்டும் வேலையைத் திரும்ப சர்வருக்கே கொண்டு போனதும் அந்த நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கேள்வியை மாற்றியதும் விடை மாறிவிட்டது.

2020ல் கூகுள் 'கோர் வெப் வைட்டல்ஸ்' என்று மூன்று அளவுகளை அறிவித்தது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், முதல் கிளிக்கை பிரவுசர் 100 மில்லி விநாடிக்குள் கவனிக்க வேண்டும், படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. 2021லிருந்து தேடல் வரிசையிலும் இது கணக்கில் வந்தது. எதிர்பார்த்தபடி எல்லோரும் பரீட்சைக்குப் படித்தார்கள். முதல் கிளிக் அளவில் ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பாஸாகிவிட்டன, காரணம் அது முதல் கிளிக்கை மட்டும், அதுவும் வேலை தொடங்கும் வரை மட்டும் அளந்தது. அதனால் 2024 மார்ச்சில் அதைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் கிளிக்குகளுக்கு எவ்வளவு சீக்கிரம் திரையில் பலன் தெரிகிறது என்பதை அளக்க ஆரம்பித்தார்கள். இதற்கு எல்லை 200 மில்லி விநாடி. மில்லர் 1968ல் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்!

இந்தப் புதிய முறை சராசரியை நம்புவதில்லை, நல்ல விஷயம். நான்கில் மூன்று வருகைகள் எல்லைக்குள் இருந்தால் தளம் பாஸ். அப்படியானால் நான்காவது? அது 3 விநாடியோ 30 விநாடியோ, மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. மலிவு போன், மலைக்கிராமத்துச் சிக்னல், மாதக் கடைசியில் தீர்ந்துபோன டேட்டா, இவர்கள் பெரும்பாலும் அந்த நான்காவதில்தான் இருப்பார்கள். அதற்கும் வெளியே ஒரு கூட்டம் உண்டு. தளங்கள் சொந்தமாக வைத்திருக்கும் அளக்கும் நிரல் பக்கத்தோடு சேர்ந்துதான் இறங்க வேண்டும். அது இறங்கும் முன்பே வெறுத்து மூடியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. தேர்வு முடிவும் அரசு விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில், கணக்கில் இல்லாதவர் இழப்பது ஒரு வீடியோவை மட்டும் அல்ல.

ஆகவே நண்பர்களே, எந்தத் தளமாவது 'எங்கள் வேகம் இவ்வளவு' என்று எண் காட்டினால், இதில் யார் இல்லை என்று ஒரு கேள்வி கேளுங்கள். துறைக்கோ சங்கத்துக்கோ தளம் கட்டும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முடிந்தால் இருப்பதிலேயே பழைய போன் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் ஒரு வரியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.